எழுபது ரூபாய் ரேடியோ
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

கோயமுத்தூரை அடுத்த கலங்கலில் 1893-ல் பிறந்து, 1974-ல் காலஞ்சென்ற ஸ்ரீமான் ஜி. டி. நாயுடு அவர்களை இன்று நினைவு கூர்கின்றோம். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர் என்பதை யாவரும் அறிவோம். ரேடியோவில் அவர் காட்டிய ஊக்கத்தையோ பலர் அறியார்.

சீமையிலிருந்து வந்த ரேடியோப் பெட்டி பெரும்பாலும் தனவந்தர் கூடத்திலேயே பாடிய காலம் அது. ஐந்து வால்வுப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941-ல் அவர் அறிவித்தார். குடியானவன் திண்ணையிலும் உலகச் செய்தி கேட்கலாம் என்பதன்றோ இதன் பொருள்! இத்தனைக்கும் அவர் கற்ற பள்ளிப்படிப்பு சொற்பமே. நம் வீட்டுப் பையன் ஒரு பெட்டியைக் கழற்றினாலோ, நாம் காதைத் திருகுகின்றோம்.

1945-ல் கோவையில் தோன்றிய ஆர்தர் ஹோப் தொழிற்கல்லூரிக்கு அவரே முதல் தலைவர். நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் முடிக்கலாம் என்றார்; சர்க்கார் இசையவில்லை; பதவியைத் துறந்தார்.

அவர் சேர்த்த கருவிகள் அவினாசி சாலைக் காட்சிசாலையில் உள்ளன. கோவை வரும் அங்கத்தினர் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வாராக.