பழைய மோட்டார் வாங்குமுன்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த மீனவக் குடும்பங்களின் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



தாம்பரத்தில் இருக்கும் சாமியாருக்குப் படகைப்பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். நியாயந்தான். நாம் குருமடத்தில் இலத்தீனும் இறையியலும் படித்தோமேயன்றி மோட்டார் படிக்கவில்லை. ஆனால் நம் பங்கில் பல குடும்பங்களுக்கு வீடு இங்கே, வேர் கோவளத்தில். அண்ணன் இரயில்வேயில் வேலை பார்ப்பார். தம்பி கடலுக்குப் போவார். ஆகவே கடல் விவகாரம் நம் அறைக் கதவையும் தட்டுகிறது. இந்த மாதம் மட்டும் ஐந்து இளைஞர்கள், பழைய அவுட்போர்டு மோட்டார் வாங்கக் கடனுக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலை எல்லாருக்குமே சொல்லிவிடலாம் என்று எண்ணினோம்.

மோட்டாரை நாம் பழிக்கவில்லை. அமெரிக்காவில் ஓலி எவின்ரூட் என்பவர் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த இயந்திரம், துடுப்புப் போட்டுத் தோள் தேய்ந்தவர்களுக்குப் பேருதவி. நம் பக்கத்திலும் திருச்சபை இதில் ஒதுங்கி நிற்கவில்லை. பெல்ஜியத்திலிருந்து வந்த குருவானவர் ஜேம்ஸ் தொம்பர் குமரிக் கரையில் மீனவர் சங்கங்கள் அமைய உழைத்தார். கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முட்டம் படகுக் கூடத்தில், கட்டுமரத்துக்கு மாற்றாக ஒட்டுப்பலகைப் படகுகள் உருவாயின. 1980இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மோட்டார்களைத் தருவித்துக் கொடுத்ததோடு நிற்காமல் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. மோட்டாரும் பட்டறையும் சேர்ந்தே வரவேண்டும் என்பது அவர்கள் கற்ற பாடம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின. மோட்டாரும் பெருகியது. பட்டறை அந்த அளவுக்குப் பெருகவில்லை.

இப்போது நம்முடைய குற்றத்தையே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் அண்ணன் தம்பி இருவர் நம்மிடம் வந்தார்கள். கடன் கொடுப்பவரிடம் நாம் வாக்குக் கொடுத்தோம். நகரத்தில் ஒருவரிடம் பழைய மோட்டார் வாங்கினார்கள். புது வண்ணம் அடித்துப் பளபளவென்று இருந்தது. நாமே தீர்த்தம் தெளித்து மந்திரித்தோம். மூன்றாம் வாரம் கடலில் கியர் இறுகி நின்றுவிட்டது. மோட்டார் இருக்கிறதே என்று துடுப்பைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பொழுது சாய்ந்தும் படகு திரும்பவில்லை என்று வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக நாம் கோவளம் போய்ச் சேர்ந்தபோது, அந்தத் தாய்மார் மணலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாமும் உட்கார்ந்தோம். நம் வாயில் ஜெபம் வரவில்லை. நாம் கொடுத்த வாக்குத்தான் நினைவுக்கு வந்தது.

இரவு வேறொரு படகு அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஆண்டவருக்கு நன்றி. அப்போது ஒரு முதியவர் நம் அருகில் வந்து, “சாமி, வாங்குறதுக்கு முன்னால கியர் ஆயிலை இறக்கிப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். “இல்லை ஐயா” என்றோம். “பால் மாதிரி வெளுத்து வந்திருக்கும். சீல் போயி கடல்தண்ணி உள்ளே இறங்கியிருக்கு” என்றார். ஐந்து நிமிடச் சோதனை அது! அதன்பின் அந்தப் பெரியவரிடமே பாடம் கேட்டோம்.

அவர் சொன்னவை இவை. முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரையல்ல, படகின் பின்பலகையை. தள்ளும் விசை முழுவதும் அங்கேதான் விழுகிறது. ஃபைபர் படகில் உள்ளிருக்கும் பலகை, பழைய ஆணித்துளை வழியே நீர் இறங்கி உளுத்திருக்கும். தட்டினால் சத்தம் மந்தமாகக் கேட்கும். இரண்டாவது, தண்டின் நீளம். 15 அங்குலமும் 20 அங்குலமும் உண்டு. விசிறிக்கு மேலுள்ள தகடு படகின் அடிமட்டத்தை ஒட்டி நிற்க வேண்டும். மேலே நின்றால் விசிறி காற்றைத்தான் கடையும்.

மூன்றாவது, இரண்டு சிலிண்டர் இருந்தால் இரண்டிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நான்காவது, ஓடவிட்டால் பின்புறத் துளையிலிருந்து குளிர்ச்சித் தண்ணீர் விடாமல் பீச்ச வேண்டும். ஐந்தாவது, எண் பலகை சுரண்டப்பட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

குதிரைச் சக்தியில் போட்டி வேண்டாம். நீரைக் கிழித்துச் செல்லும் பாரப் படகுக்கு அதன் நீளத்துக்கேற்ற ஒரு வேகந்தான் உண்டு. 25 அடிப் படகானால் மணிக்கு ஏழு கடல்மைலுக்குள்தான். அதற்குமேல் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் பின்புறம் அமிழும், எண்ணெய்தான் கரையும்.

பணக் கணக்கையும் பார்ப்போம். நாளுக்கு 8 லிட்டர், மாதம் 22 நாள் என்றால் 176 லிட்டர். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இது எரியும். பாயும் துடுப்பும் கூலி கேட்டதில்லை. மோட்டாரோ வருகிற மீனில் தனக்கும் ஒரு பங்கு கேட்கிறது. முன்பணம் கொடுத்த வியாபாரி சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டியிருந்தால், இரண்டு பங்கு வெளியே போகிறது. மீதியில்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்.

ஆகவே இனி நம் கடிதம் வேண்டுமானால் நான்கு நிபந்தனைகள். விலை பேசுமுன் ஒரு மெக்கானிக்கையும் ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். கடலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பின்பே பணம் கைமாற வேண்டும். கடன் தொகையில் உதிரிபாகத்துக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். நான்காவது, துடுப்பும் உயிர்காப்புச் சட்டையும் இல்லாமல் கடலில் இறங்குவதில்லை என்று வீட்டுக்காரம்மா முன்னிலையில் வாக்குக் கொடுக்க வேண்டும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மோட்டாரைக் கழுவுவதைச் சொல்லவே வேண்டாம். உப்பு நோன்பு நாளிலும் வேலை செய்யும்!

அந்தச் சகோதரர்கள் கடனை அடைத்துவிட்டார்கள். மோட்டாரைப் பிரித்துச் செப்பனிட்டு, சிரமப்பட்டு மாதாமாதம் கட்டினார்கள். ஒருவர் இன்று இங்கே அமர்ந்திருக்கிறார். நம்மீது அவருக்குக் கோபமில்லை என்பது நமக்குப் பெரிய ஆறுதல்.

கலிலேயாக் கடலில் வலை கிழியும் அளவுக்கு மீன் விழுந்தபோது, சீமோன் தனியாக இழுக்கப் பார்க்கவில்லை. மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்தார். அன்றிரவு கட்டி இழுத்து வந்ததும் ஒரு கூட்டாளிப் படகுதான். பங்கு என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு பொருள். மீனில் பங்கு; கோயிலில் பங்கு. இரண்டிலும் ஒருவர் நஷ்டம் மற்றவருக்கும் நஷ்டமே. எனவே மோட்டார் வாங்குவதைத் தனி ஒருவர் இரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டாம். கேளுங்கள், விசாரியுங்கள், பிறகு வாங்குங்கள். படகை மந்திரிக்க நாம் கட்டாயம் வருவோம். தீர்த்தம் தெளிக்குமுன் கியர் ஆயிலைப் பார்ப்போம்.