வீட்டு இணையமும் ஓர் அமானிதமே



 

தண்ணீர்க் கட்டணம் கூடினால் குழாய் எங்கே ஒழுகுகின்றது என்று தேடுகின்றோம். ஆனால் மாதம் முழுவதற்கும் வாங்கிய இணைய டேட்டா பாதி மாதத்திலேயே முடிந்துவிட்டால், நாம் எதையும் தேடுவதில்லை. வீட்டிலுள்ள இளைஞனை நோக்கி உடனே விரலை நீட்டிவிடுகின்றோம்.

இத்தவறை நானும் செய்தேன். எமது வீட்டின் 40 ஜிகாபைட் ஒரு மாதம் 11ஆம் நாளிலேயே தீர்ந்துவிட்டது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் தம்பியை உம்மாவின் முன்னிலையில் கடிந்து பேசினேன். “வகுப்பு மட்டும்தான் பார்த்தேன் நானா” என்றார். நான் நம்பவில்லை. அன்றிரவு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஆகக் கூடிய தொகை எனது கையடக்கத் தொலைபேசிக்கு நேராகவே இருந்தது! நான் பதிவு செய்திருந்த பயான் வீடியோக்களையெல்லாம் அது தானாகவே இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின், அதே உம்மாவின் முன்னிலையில் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சகோதரர்களே! சந்தேகிக்கு முன் கணக்கைப் பாருங்கள். ரவுட்டரின் அடியில் 192.168.1.1 போன்றதொரு முகவரி எழுதப்பட்டிருக்கும். அதனை உலாவியில் இட்டால், எந்தெந்தக் கருவிகள் இணைந்துள்ளன என்பது தெரியும். சில ரவுட்டர்கள் ஒவ்வொரு கருவியும் செலவழித்த அளவையும் காட்டும். அவ்வசதி இல்லாவிடின், ஒவ்வொரு தொலைபேசியின் அமைப்புகளிலும் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்பதைக் காணலாம். விண்டோஸ் 10, 11 கணினிகளும் கடந்த 30 நாள் கணக்கைத் தருகின்றன. தெளிவான தரத்தில் ஓடும் வீடியோ ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிகாபைட் வரை எடுக்கக்கூடும். தரத்தைக் குறைத்தாலே பெரும் பகுதி மிஞ்சும்.

பட்டியலில் அறியாத பெயரொன்று இருந்தால், அயலவரைத் திருடன் என்று எண்ணிவிடாதீர்கள். 2019இல் வந்த அண்ட்ரொய்ட் 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், தொலைபேசிகள் தம் உண்மையான அடையாள எண்ணை மறைத்து வேறோர் எண்ணைக் காட்டுகின்றன. வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எல்லாம் நின்ற பின்னும் அப்பெயர் இணைப்பிலேயே இருந்தால், வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

பெற்றோர்களே! அந்தக் கணக்கு எவ்வளவு செலவானது என்று சொல்லும். என்ன பார்க்கப்பட்டது என்று சொல்லாது. தொகை கூடியதை வைத்து ஒழுக்கம் கெட்டது என்று தீர்ப்பளிக்காதீர்கள். குடும்பத்தின் பொறுப்பாளர் அதைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அதேவேளை, ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் தீய எண்ணத்தையும் துருவி ஆராய்வதையும் தடை செய்கின்றது. இவ்விரண்டும் முரண்பட்டவையல்ல. சிறு பிள்ளைகளைக் கண்காணிப்பது கடமை. அதை அவர்களிடம் சொல்லியே செய்யுங்கள். வாரம் ஒருமுறை கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வைத்துப் பேசுங்கள். உங்கள் தொலைபேசியின் கணக்கையே முதலில் வையுங்கள்.

இளைஞர்களே! அந்த ஒவ்வொரு ஜிகாபைட்டும் உங்கள் வாப்பாவின் வியர்வை. உங்கள் பொழுதுபோக்கால் தங்கையின் பாடம் தடைப்பட்டால் அது அவளது உரிமையைப் பறிப்பதாகும். அயல்வீட்டு வைஃபையை அனுமதியின்றிப் பாவிப்பதும் பிறர் பொருளை எடுப்பதே.

வீண்விரயத்திலிருந்தும் வீண் சந்தேகத்திலிருந்தும் வல்ல அல்லாஹ் எம் இல்லங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.