தண்டவாளம் இருக்கிறது, வண்டி எங்கே?

(ரிச்சர்ட்ஸ் டவுன் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு ரயில் வந்தது. அந்தப் பாதையில்தான் நம் முன்னோர் பலர் பிழைப்புத் தேடி வந்தார்கள். அதே பாதை இன்று ஒயிட்பீல்டைத் தொட்டுச் செல்கிறது. நம் வேலையாட்களோ பஸ் மாறிப் பஸ் ஏறி அங்கே போய்ச் சேருகிறார்கள்.

148 கிலோமீட்டர் புறநகர் ரயிலுக்கு, 15,767 கோடி மதிப்பீட்டில், 2020 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 2022 ஜூனில் அடிக்கல் நாட்டிய பிரதமர் நாற்பதே மாதத்தில் முடிப்போம் என்றார். 2025 அக்டோபரில் கெடு கடந்தது. ஒரு வண்டியும் ஓடவில்லை. நம் கண்டோன்மெண்ட் வழியாக வரவேண்டிய கெங்கேரி–ஒயிட்பீல்டு தடத்துக்குப் 'பாரிஜாதா' என்று பூப்பெயர் மட்டும் சூட்டினார்கள்!

ஆனால் ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டுக்குச் சுரங்கச் சாலையாம், சுமார் 17,000 கோடியாம். யாருக்கு? சுங்கம் கட்டிக் காரில் போகிறவருக்கு. அந்தப் பணத்தில் புறநகர் ரயில் முழுவதையும் போட்டிருக்கலாமே, நான் கேட்கிறேன்! மெட்ரோவிலோ 2025 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆயிற்று. கூலிக்காரன் எதில் ஏறுவான்?

ரயில்வே குமாஸ்தாவாகச் சொல்கிறேன்: இந்தத் தடங்கள் பெரும்பாலும் இருக்கும் ரயில் பாதையை ஒட்டியே போகின்றன, குடிசைகளை இடித்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

மனுவைக் கன்னடத்திலேயே எழுதியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக் கன்னடத் தோழரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஞாயிறு காலை கண்டோன்மெண்ட் நிலைய வாசலில் கூடுவோம்.