வரம்பும் வரலாறும்



வரம்பு என்னும் சொல் தமிழில் வயலைச் சூழ்ந்த மண்கரையையும் குறிக்கும்; ஒழுங்கின் எல்லையையும் குறிக்கும். வயல் வரம்பை அவ்வப்போது அணைத்துக் கட்டாவிடின் மழைநீர் அதனைக் கரைத்துவிடும். அரசியலமைப்புச் சட்டம் ஆட்சியதிகாரத்திற்கு இடும் வரம்பும் அத்தன்மையதே. அவ்வரம்பு ஏன் இடப்பட்டது, எங்கெங்கே கரைந்தது என்பதை அறிந்தோரே அதனைக் காக்க வல்லவர். இதற்கு வேண்டிய சான்றுகள் நம் பேரா மாநிலத்திலேயே உள்ளன.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கும் அதிகாரம் அரசின் கைக்கு வந்தது. ஆயுதக் கிளர்ச்சி என்னும் இடர் அன்று மெய்யாகவே இருந்தது. ஆயின் 1960இல் அவசரகாலம் முடிவுற்றபோது அவ்வதிகாரம் முடிவுறவில்லை. அதே ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக வடிவெடுத்து 2012 வரை நீடித்தது. 1969இல் அறிவிக்கப்பட்ட மற்றோர் அவசரகாலம் 2011இல்தான் நீக்கப்பட்டது. 1970இல் பிறந்த ஒருவர் நாற்பது அகவை கடக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவசரகாலத்திலேயே வாழ்ந்தார். தற்காலிகம் என்று கூறிப் பெறப்படும் அதிகாரம் தானாகத் திரும்புவதில்லை. திருப்பிக் கேட்க நினைவுடையோர் வேண்டும்.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். பள்ளி வயதுச் சிறுவர் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. லயங்களின் அருகே ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாகத் தோன்றிய அப்பள்ளிகள், விடுதலை பெற்ற 1957இல் நாடெங்கும் 800க்கு மேல் இருந்தன. இன்று அவை 500ஐச் சற்றே தாண்டும்.

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு, ஒரு தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றுவது பொருந்தும் என அமைச்சர் கருதினால், ஆணையிட்டு மாற்றலாம் என்றது. பெற்றோரையோ ஆசிரியரையோ கேட்க வேண்டும் என்னும் நிபந்தனை அதில் இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில்தான் அப்பிரிவு இடம்பெறாது போயிற்று. அதற்கிடையே, 1979இல் வெளியான ஒரு நிலவழக்குத் தீர்ப்பில், வரம்பற்ற விருப்பதிகாரம் என்பதே சட்டத்தில் முரண்பாடு என்னும் கருத்தைக் கூட்டரசு நீதிமன்றம் நிலைநாட்டியது. அதனை எழுதியவர் பத்து காஜாவில் பிறந்து, பின்னாளில் பேராவின் சுல்தானான ராஜா அஸ்லான் ஷா.

மொழியியல் மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு மலாய்மொழியைத் தேசிய மொழியாக்குகிறது. அதே பிரிவு, அதிகாரப் பணிகள் ஒழிந்த பிறவற்றில் வேறெம்மொழியையும் பயன்படுத்துவதையோ, கற்பிப்பதையோ, கற்பதையோ எவரும் தடுத்தல் ஆகாது என்கிறது. தமிழைக் கற்பித்தலும் தமிழில் கற்பித்தலும் ஒன்றா? முன்னது இரண்டாம் வேற்றுமை. பின்னது ஏழாம் வேற்றுமை. மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில், 1981இல் உயர்நீதிமன்றம் இவ்வேறுபாட்டையே சுட்டியது. அப்பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பாகும் என்றும், அதில் சீனமொழி வழிக் கற்பித்தல் அதிகாரப் பணியாகும் என்றும் கொண்டு, கோரிக்கையை மறுத்தது. 1982இல் கூட்டரசு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

அவ்வாதமே பின்னர்த் தமிழ், சீனப் பள்ளிகளின் மீது திருப்பப்பட்டது. அவை அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. இங்கே இலக்கணம் மட்டும் துணைவராது என்பது என் கருத்து. ஓர் உருபை வைத்து இரு பக்கமும் வாதிடலாம். ஆனால், 1957இல் நூற்றுக்கணக்கான பள்ளிகள் தமிழ்வழி நடந்துகொண்டிருக்க, அவற்றை அறிந்தே சட்டம் இயற்றியோர் அவற்றைச் சட்டவிரோதமாக்க எண்ணினர் என்று வாதிடுதல் அரிது. சொல் ஐயத்திற்கு இடந்தரும்போது, அச்சொல் பிறந்த சூழலே பொருளை வரையறுக்கும்.

ஆசிரியப் பெருமக்களே, ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பள்ளிகள் இடம்பெயரும்போது பழைய சேர்க்கைப் பதிவேடுகளும் பெற்றோர் கூட்டக் குறிப்புகளும் குப்பைக்குப் போகின்றன. அவற்றைக் காத்து, படியெடுத்து, மாணவர் கையில் கொடுங்கள். மாணவர்களே, தேர்வுக்காக ஆண்டுகளை மனனம் செய்வதோடு நில்லாதீர்கள். ஒவ்வொரு சட்டத்தையும் நோக்கி, ‘இவ்வதிகாரத்தின் வரம்பு யாது? அதனை இட்டவர் எதனைக் கண்டு அஞ்சினர்?’ என்று வினவுங்கள். அவ்வினாவை எழுப்பும் குடிமக்கள் உள்ளவரைதான் வரம்பு நிற்கும்.