உச்ச எண்ணும் முழுப் பதிவும்



இம்மாநாட்டிற்குத் தலைமை வகிக்கும் நான், உபசார வார்த்தைகளின்றி நேரே விஷயத்திற்கு வருகிறேன்.

1964-இல் அலாஸ்காவை உலுக்கிய 9.2 அளவுப் பூகம்பத்தின்போது, அருகிலிருந்த நிலம் எவ்வாறு ஆடியது என்பதற்குக் கருவிப் பதிவு ஒன்றேனும் கிடைக்கவில்லை. 2011 மார்ச் 11-ஆம் தேதி பிற்பகல், ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், பசிபிக் தட்டு நிலத்தின் அடியில் செருகும் எல்லையில், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமும் 200 கிலோமீட்டர் அகலமும் உள்ள பரப்பு நழுவியபோதோ, 1995-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் கோபே நகரம் பேரழிவு கண்டபின் நாடெங்கும் நிறுவப்பட்ட நூற்றுக்கணக்கான முடுக்கமானிகள் அந்த 9.0 அளவுப் பூகம்பத்தை ஆதியோடந்தமாக எழுதி வைத்தன.

அவற்றுள் மியாகி மாகாணத்துச் சுகிதாதே நிலையத்தின் பதிவே உலகப் பிரசித்தி பெற்றது. மூன்று திசைகளையும் சேர்த்துக் கணக்கிட்ட அதன் உச்ச முடுக்கம் 2933 கால் (gal எனும் முடுக்க அலகு). அதாவது புவியீர்ப்பைப் போல் மும்மடங்கு. 1995-இல் கோபே வானிலை நிலையத்தில் ஒரு திசையில் பதிவான உச்சமோ சுமார் 818 கால்தான். எண்ணை மட்டும் நம்புகிறவன் சுகிதாதே தரைமட்டமாயிருக்கும் என்றே முடிவு கட்டுவான். ஆயின் கோபேயில் மர வீடுகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. சுகிதாதேயில் வீடுகள் பெரும்பாலும் நின்றன. சுகிதாதேயின் அதிர்வு கால் வினாடிக்கும் குறைந்த காலத்தில் முன்னும் பின்னும் துடித்தது; வீடுகளைச் சாய்க்கும் ஒன்று, இரண்டு வினாடி அலைகள் அதில் ஒப்பளவில் சொற்பம். கோபேயிலோ அவையே பிரதானமாயிருந்தன. பத்திரிகைகள் உச்ச எண்ணைப் போற்றுவதில் எனக்கு வியப்பில்லை. நம்மவர் கட்டுரைகளிலும் அது தனித்து நின்று அரசாள்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2011 பூகம்பத்தில் கடலடி அகழியை ஒட்டிய ஆழமற்ற பகுதியில் தட்டு பல பத்து மீட்டர் நழுவிச் சுனாமியை எழுப்பியது. ஆனால் கரையை உலுக்கிய குறுங்கால அலைகள் பெரும்பாலும் நிலத்தை நோக்கிய ஆழமான பகுதிகளிலிருந்தே புறப்பட்டன. ஆகவே முடுக்கம் அதிகமாயிருந்த இடத்தையும் நழுவல் அதிகமாயிருந்த இடத்தையும் ஒன்றாகக் கொள்வது பெரும் பிழை. ஒற்றை எண்ணை நம்பினால் என்ன நேரும் என்பதற்கு, முதல் மூன்று நிமிஷங்களில் ஜப்பானின் வானிலை நிறுவனம் கணித்த அளவு 7.9 என்பதை நினைவுகூருங்கள்: அவசர முறை அத்தகைய பேரளவில் பூரிதமடைந்துவிட்டது, சரியான கணக்குக்கு வேண்டிய நுண்ணுணர் கருவிகளோ உள்நாட்டில் அளவுமீறி எல்லையைத் தாண்டிவிட்டன. மியாகிக்கு முதலில் கூறப்பட்ட சுனாமி உயரம் 6 மீட்டர்தான். தொலைவிலோ, ஒஸாகாவின் 256 மீட்டர் உயரக் கட்டிடம் ஒன்று நெடுங்கால அலைகளால் சுமார் பத்து நிமிஷம் ஆடியது. அங்கே முடுக்கம் மிக அற்பம்.

எனவே இங்கு படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும், உச்ச முடுக்கத்தைக் கூறுமிடத்தில், அதன் அலைவுக் காலத்தையும், ஆட்டம் நீடித்த நேரத்தையும், நிலையத்தின் மண் இயல்பையும் உடன் கூறவேண்டும் என்று பிரதிநிதிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தலைமையின் முறையில் இதைக் கட்டாயமாக்க எனக்கு அதிகாரமில்லை. விவாத நேரத்தில் விடாமல் கேட்க உரிமை உண்டு. முதற் கட்டுரையாளர் மேடைக்கு வருவாராக.