குற்றம் பிறப்பிலா, தெருவிலா?



ஓர் ஊரில் திருட்டு நடந்தால் நம் ஜனங்கள் உடனே இரண்டு வார்த்தை சொல்லுகிறார்கள். திருடினவனைப் பற்றி, "அவன் பிறப்பு அப்படி" என்பது ஒன்று. பறிகொடுத்தவனைப் பற்றி, "அவன் தலையெழுத்து அப்படி" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நம்பிவிட்டால் பிறகு எவரும் எதையும் திருத்த வேண்டியதில்லை அல்லவா?

இதைப் பரீட்சித்துப் பார்த்த ஊர் ஒன்றுண்டு. அது அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகரம். ஷா, மெக்கே என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் 1900 முதல் 1933 வரையுள்ள காலத்தில் மூன்று பகுதிகளை எடுத்துக்கொண்டு, சிறுவர் கோர்ட்டுக்கு வந்த பிள்ளைகளின் வீடுகளை ஊர்ப்படத்தில் புள்ளியிட்டுப் பார்த்து, 1942-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். அவர்கள் கண்டதென்ன? ஆலைகளுக்குப் பக்கத்தில் பாழடைந்த வீடுகளும் வறுமையும் நிறைந்த பேட்டைகளில்தான் புள்ளிகள் குவிந்திருந்தன. முதலில் அங்கே ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். பிறகு போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்தார்கள். ஆட்கள் மாறியும் புள்ளிகள் மாறவில்லை. நல்ல இடத்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளிடமோ குற்றம் குறைந்தது. குற்றம் இரத்தத்தில் இருந்திருந்தால், அதுவும் மூட்டை முடிச்சுகளோடு கூடவே போயிருக்க வேண்டாமா?

இந்நாட்டிலோ வெள்ளைக்கார சர்க்கார் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு ஜாதியில் பிறந்த குற்றத்துக்காகவே மனிதர்கள் கைரேகை பதியவும், போலீசாரிடம் ஆஜராகவும் வேண்டியதாயிற்று. சென்னை மாகாணத்தில் 1947-லும், இந்தியா முழுவதும் 1952-லும் சட்டம் ரத்தாயிற்று. ஆனால் "அந்த ஜாதியா?" என்ற கேள்வி ரத்தாயிற்றா?

பறிகொடுப்பவர் யார் என்பதையும் யோசியுங்கள். மாளிகைக்காரருக்குக் காவற்காரன் உண்டு. வேலை முடிந்து இருட்டுச் சந்தில் நடந்து வரும் கூலிக்காரிக்கு யார் உண்டு? அவளை ஆபத்துக்குள்ளாக்குவது தலையெழுத்தல்ல, விளக்கில்லாத சந்துதான். 2016-ல் நியூயார்க்கில் ஏழைகளின் சர்க்கார் குடியிருப்புகள் சிலவற்றில் பெரிய விளக்குகள் வைத்துப் பார்த்தார்கள். இரவில் வெளியிடத்தில் நடக்கும் கடுங்குற்றங்கள் 100-க்கு 36 வீதம் குறைந்தன. பிலடெல்பியாவில் குப்பை மண்டிய காலிமனைகளைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்தார்கள். ஏழைகள் வாழும் பகுதிகளில் துப்பாக்கிக் குற்றங்கள் 100-க்கு 29 வீதம் குறைந்தன என்று 2018-ல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. இதற்கு எந்தச் சாந்தி, எந்தப் பரிகாரம் செய்தார்கள்?

ஏழைகளெல்லாம் திருடர் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தப் பேட்டைகளிலும் பெரும்பாலோர் பாடுபட்டே பிழைக்கிறார்கள். குற்றவாளியைத் தண்டிக்க வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஒருவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, அவனை உண்டாக்கிய தெருவை அப்படியே விட்டு வைத்தால், அத்தெரு அடுத்தவனைத் தயார் செய்யும் என்றுதான் சொல்லுகிறோம்.

ஆகவே தோழர்களே, இனி உங்கள் ஊரில் திருட்டு நடந்தால், "எந்த ஜாதி?" என்று கேளாதீர்கள். "அந்தச் சந்தில் விளக்கு உண்டா? அந்தப் பையனுக்குப் பள்ளிக்கூடமும் வேலையும் உண்டா?" என்று கேளுங்கள். பிறப்பை மாற்ற யாராலும் முடியாது. தெருவை மாற்ற நம்மால் முடியும்.