தோள் ஆறும் மட்டும்

(தோள்பட்டைக் காயங்களைப் பற்றி ஆற்றிய உரை)



நெடுந்தூரம் ஓடுகிறவர்களும், நீந்துகிறவர்களும், சைக்கிள் ஓட்டுகிறவர்களும் தோளில் அடிபட்டால் எப்படிக் குணமடைகிறார்கள் என்பதே இன்றைக்கு நாம் சிந்திக்கப்போகும் காரியம். "பந்தய வீரர்களின் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் எண்ணலாம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த தகப்பனாருக்கும், மூட்டை சுமக்கிற சகோதரனுக்கும், குளியலறையில் வழுக்கி விழுந்த தாயாருக்கும் இருப்பது அதே தோள்தான். அது ஆறுகிற வழியும் ஒன்றுதான்.

முதலாவது, இந்த மூட்டைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வோம். இடுப்பு மூட்டில், ஆழமான கிண்ணத்துக்குள் பந்து பதிந்திருப்பதுபோல எலும்பு அமர்ந்திருக்கிறது. தோள்மூட்டு அப்படியல்ல. பள்ளி விளையாட்டு விழாவில் பிள்ளைகள் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவார்கள் அல்லவா? ஏறக்குறைய அதுபோன்றது. பழம் பெரிது, கரண்டி சிறிது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் உடலின் பெரிய மூட்டுகளில் மிக எளிதாக நழுவுவதும் இதுவாக இருக்கிறது. பழம் விழாதபடி பிடித்திருப்பவை, மூட்டைச் சுற்றியுள்ள நான்கு சிறிய தசைகளும், எலும்புகளைப் பிணைக்கும் நார்களுமே.

சைக்கிள் வீரர் விழும்போது தோளின்மேல் விழுகிறார் அல்லது கையை ஊன்றி விழுகிறார். அந்த வேகம் காறை எலும்பில் இறங்கி அதை உடைக்கிறது. நீச்சல் வீரருக்கு வருவது வேறு வகை. திறந்த நீரில் 10 கிலோமீட்டர் நீச்சல் 2008 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. நூறு மீட்டருக்கு எண்பது முறை கை வீசுகிறார் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே பந்தயத்தில் 8,000 வீச்சுகள். ஒவ்வொரு தோளுக்கும் 4,000. பயிற்சி நாட்களையும் சேர்த்தால், தசைநாண் தேய்ந்து வலிப்பதில் வியப்பில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. கால்கள் நன்றாக இருக்கின்றன, மூச்சு நன்றாக இருக்கிறது, தோள் மட்டும் கட்டில் தொங்குகிறது. மேலும், வலியைப் பொருட்படுத்தாமல் முன்னேறுவதையே அவர்கள் பல ஆண்டுகளாகப் பழகியிருக்கிறார்கள். கடைசி மைல்களில் அவர்களைக் காப்பாற்றிய அதே பழக்கம், காயம்பட்ட தோளுக்கு எதிரியாகிவிடுகிறது. இதற்கு இரண்டு வீரர்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

இத்தாலியரான ஃபியோரென்சோ மாக்னி, 1948, 1951, 1955 ஆகிய ஆண்டுகளில் இத்தாலியச் சுற்றுப் பந்தயமான ஜீரோவை வென்றவர். 1956-ல், தம் 35-வது வயதில், பந்தயத்தின் நடுவே விழுந்து இடது காறை எலும்பை உடைத்துக்கொண்டார். ஆனாலும் விலகவில்லை. மேட்டில் ஏறும்போது இடது கையால் கைப்பிடியை இழுக்க முடியவில்லை. எனவே சைக்கிள் டியூப் ஒன்றைக் கைப்பிடியில் கட்டி, அதைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே ஏறினார். பின்னொரு நாள் மறுபடியும் விழுந்து மேற்கை எலும்பும் முறிந்தது. அப்படியிருந்தும் கடைசிவரை ஓட்டி இரண்டாம் இடம் பெற்றார். அது அவருடைய கடைசி ஆண்டுப் பந்தயம். பல்லில் டியூபைக் கடித்திருக்கும் அவருடைய புகைப்படம் இன்றும் பேசப்படுகிறது.

வேல்ஸ் நாட்டவரான கெரெய்ன்ட் தாமஸ் 2017 மே மாதம் அதே ஜீரோவில் விழுந்து தோளில் அடிபட்டார். சில நாட்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு விலகினார். ஜூலையில் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தின் முதல் நாளை வென்று மஞ்சள் சட்டை அணிந்தார். ஒன்பதாம் நாளில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. அன்றே பந்தயம் முடிந்தது. ஒரே ஆண்டில் இரண்டு பெரிய பந்தயங்களைப் பாதியில் விட்டு வீடு திரும்புவது எத்தனை கசப்பாக இருந்திருக்கும்! ஆனால் மறு ஆண்டு, 2018 ஜூலையில், அதே பிரான்சுப் பந்தயத்தை அவர் வென்றார்.

மாக்னியின் துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் சுவரில் ஒட்டிவைப்பது அவருடைய படத்தைப் போன்ற படங்களைத்தான். வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் வீரனை யாரும் படமெடுப்பதில்லை. அந்தக் காத்திருப்பும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதையே நாங்கள் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. காறை எலும்பு சேருவதற்குப் பெரியவர்களுக்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அறுந்த தசைநாணைத் தைத்திருந்தால், 4 முதல் 6 வாரங்கள் கை தூளியில் இருக்கும். பளு தூக்கும் பயிற்சி மூன்று மாத அளவில்தான் தொடங்கும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகையால் அது நிதானமாகவே ஆறும். அவசரப்படுத்தினால் தையல் விட்டுப்போகும். இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒருமுறை நழுவிய மூட்டு மறுபடியும் நழுவும் வாய்ப்பு மிக அதிகம். மறுபுறம், தேவைக்குமேல் கட்டிவைத்தால் தோள் இறுகிப்போகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். எப்போது அசைக்கலாம், எப்போது கூடாது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நோயாளி கேட்க வேண்டும்.

அனுமதி கிடைத்ததும் தொடங்கும் பயிற்சிகள் மிக எளியவை. குனிந்து நின்று கையைக் கடிகாரப் பெண்டுலம்போலத் தொங்கவிட்டு ஆட்டுவது, விரல்களால் சுவரில் மெல்ல ஏறுவது, ஒரு கோலை இரு கைகளாலும் பிடித்து நல்ல கையால் மற்றக் கையை உயர்த்துவது, பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது. மாரத்தான் ஓடியவருக்கு இவை சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். பத்து முறை செய்து முடிப்பதற்குள் வியர்த்துவிடும் என்பது, செய்யும்போதுதான் தெரியும்.

இந்நாட்களில் மற்ற உறுப்புகளுக்கு வேலை கொடுக்கலாம். நிலையாக நிற்கும் சைக்கிளை மிதிக்கலாம், சமதரையில் நடக்கலாம். தூளியோடு ஓடுவது வேண்டாம். தடுக்கினால் கையை ஊன்ற வழியில்லை. நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்தால், கட்டப்பட்டிருக்கும் கையின் பலமும் ஓரளவு காக்கப்படுகிறது. ஒரு கைக்குக் கொடுத்த பயிற்சி மறுகைக்கும் பலன் தருவதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 1894-லேயே கண்டறிந்து எழுதினார்கள். மூளையிலும் நரம்பு மண்டலத்திலும் ஏற்படும் மாற்றங்களே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

எப்போது பந்தயத்துக்குத் திரும்பலாம்? நாட்காட்டி மட்டும் இதைச் சொல்லாது. இரவில் வலியின்றித் தூங்க வேண்டும். கை முழுவதுமாக உயர வேண்டும். பலத்தில் மறுகைக்கு ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். அதன்பின்பும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்ட வேண்டும். நீச்சல் வீரர் முதலில் சில நூறு மீட்டர். சைக்கிள் வீரர் முதலில் நல்ல சாலை. மறுநாள் காலையில் தோள் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டே அடுத்த அடி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காயம்பட்டவரைப் பார்க்கப் போகும்போது நாம் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறோம்: "எப்போது மறுபடி ஓடப்போகிறாய்?" அன்போடுதான் கேட்கிறோம். ஆனால் அந்தக் கேள்வியே அவரை ஒரு மாதம் முன்னதாகத் தூளியைக் கழற்றச் செய்யக்கூடும். அதற்குப் பதிலாக, "இன்றைக்குப் பயிற்சி செய்தாயா? கை எவ்வளவு உயர்ந்தது?" என்று கேளுங்கள். சுவரில் நேற்றைவிட ஒரு விரற்கடை மேலே எட்டியிருந்தால், அவரோடு சேர்ந்து மகிழுங்கள். அந்த மகிழ்ச்சி, காத்திருக்க வேண்டிய மீதி வாரங்களை அவருக்கு இலகுவாக்கும்.